ஆறு ஒன்பது வரிசையாக வந்த லாட்

பிள்ளைகளே, பை என்ற எண்ணுக்குள் யாரும் எந்த ரகசியத்தையும் ஒளித்து வைக்கவில்லை. இதை முதல் வரியிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் போன வாரம் எங்கள் மத்திகிரித் தெருவில் நீங்கள் எல்லோரும் ஒரு போனைச் சுற்றி நின்று வாயைப் பிளந்து பார்த்தீர்களே, அந்த வீடியோவில் வேறு மாதிரிச் சொன்னார்கள். பயமுறுத்துகிற இசை, இருட்டில் ஒரு குரல். பையின் இலக்கங்களில் ஓரிடத்தில் ஒன்பது, ஒன்பது, ஒன்பது என்று ஆறு முறை வரிசையாக வருகிறதாம். அது படைத்தவன் விட்டுப்போன அடையாளமாம்.

“ஆறு ஒன்பது வர்றது நெசம்தான். அடையாளமும் இல்ல, மண்ணும் இல்ல, போங்கடா!” என்று நான் கத்தியதில் சிலர் ஓடியே போய்விட்டீர்கள். என் மகள் கயல் மட்டும் நின்று சிரித்தாள்.

“ஏம்ப்பா, வீடியோக்காரன் மேல உங்களுக்கு என்னா இவ்ளோ கோவம்?”

“அந்த ஆறு ஒன்பதாலதான் எனக்கு இன்ஸ்பெக்‌ஷன் மேசையே போச்சு. அன்னைக்கும் இதையேதான் சொன்னாங்க. தானா இப்படி வராது, யாரோ கை வெச்சிருக்கான்னு.”

“அப்ப எழுதுங்க. கத்தினா யாருக்குப் புரியும்?”

எழுதுகிறேன்.

நான் அஞ்செட்டிக்கு அந்தப்புறம் மலையடியில் பிறந்தவன். பத்தாவது முடித்து, ஐ.டி.ஐ. படித்து, ஓசூரில் ஒரு கம்பெனியில் உதவியாளாகச் சேர்ந்து, பெருக்கி, தூக்கி, துடைத்து, ஒரு வழியாக இன்ஸ்பெக்‌ஷன் மேசைக்கு வந்தேன். வண்டிகளின் பிரேக்குக்குள் போகிற சின்ன இரும்பு பின்களைச் செய்கிற கம்பெனி அது. சுண்டுவிரல் நீளம்தான் இருக்கும். ஆனால் அது சரியான தடிமனில் இருந்தால்தான் பிரேக் மிதித்ததும் பிடிக்கும், காலை எடுத்ததும் விடும். கொஞ்சம் தடித்துப் போனால், யாராவது அதைத் தட்டி உள்ளே ஏற்றிவிடுவார்கள். அப்புறம் அது என்றைக்கோ ஒரு நாள், ஏதோ ஒரு இறக்கத்தில் சிக்கிக்கொள்ளும்.

என் வேலை இதுதான். மெஷினிலிருந்து பின்கள் டிரேயில் அடுக்கி வரும். ஒரு டிரேக்குப் பத்து குழி, பத்து பின். எல்லாவற்றையும் பார்க்க நேரம் கிடையாது. ஒரு டிரேக்கு ஒரு பின் எடுப்பேன். ரிங் கேஜ் என்று ஒரு கெட்டி வளையம் இருக்கும். பின்னை அதன் வாயில் நிறுத்தி விரலை எடுத்துவிட வேண்டும். நல்ல பின் தன் கனத்திலேயே வழுக்கி, கீழே இருக்கிற துணியில் ‘தொப்’ என்று விழும். தடித்த பின் வாயிலேயே நிற்கும். தள்ளக் கூடாது. பதினைந்து டிரே சேர்ந்தது ஒரு லாட். அதில் மூன்று பின் இப்படி நின்றுவிட்டால், அந்த லாட்டின் டிரேகள் எல்லாவற்றிலும் விளிம்பில் சிவப்பு பெயின்ட் அடிக்க வேண்டும். சிவப்பு விழுந்தால் ஒவ்வொரு பின்னாகப் பார்த்து முடிக்காமல் அது கேட்டைத் தாண்டாது. யாரையும் கேட்டுவிட்டு அடிக்க வேண்டியதில்லை. பிரஷ் இன்ஸ்பெக்டர் கையில்தான் இருக்கும்.

எனக்கு மேலதிகாரி நஞ்சப்பா சார். ஆனேக்கல் பக்கத்துக் கன்னடக்காரர். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் கண்ணாடியைக் கழற்றி சட்டை நுனியால் துடைப்பார். அதிகக் கோபம் என்றால் அதிக நேரம் துடைப்பார். அவர் மேசைக்கு வந்தால் முதலில் நம்மைப் பார்க்க மாட்டார். ஒரு பின்னை எடுத்து வளையத்தில் நிறுத்தி, அது விழுகிற சத்தத்தைக் கேட்டுவிட்டுத்தான் பேச ஆரம்பிப்பார்.

ஒரு நாள் அப்படிக் கேட்டுவிட்டு, “மாதையா, நீ ஏனப்பா எப்பவும் நடுவுல இருந்தே எடுக்கறே?” என்றார்.

“இல்லீங்க சார், மனசுக்கு வந்தபடிதான் எடுக்கறன்.”

“உன் மனசுக்கு நடுவுதான் வருது. பாஷாகிட்ட கேளு, சொல்வான்.”

பாஷா கிரைண்டிங் மெஷின் ஆபரேட்டர். என்னைவிட இளையவன், வாயாடி, வேலைக்காரன். கேட்டேன்.

“மாதண்ணே, நீ நாலாவது, அஞ்சாவது, அப்பப்போ ஆறாவது. ஓரத்துப் பின்ன நீ தொட்டு நான் பாத்ததே இல்ல. அதான் சந்தேகமா இருக்கற பின்ன ஓரத்துல வெப்பேன்” என்றான், கூசாமல். “உன்ன விட எனக்கு உன் கை நல்லாத் தெரியும்.”

சந்தேகம் இருந்தால் நீங்களும் செய்து பாருங்கள். மனசுக்கு வந்தபடி எண்களை எழுது என்று பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லுங்கள். ஒரே எண்ணை மூன்று முறை சேர்ந்தாற்போல் எழுத மாட்டார். கை வெட்கப்படும். ‘இப்போதானே ஏழு போட்டோம்’ என்று நகர்ந்துவிடும். அந்த வெட்கத்தைத்தான் பாஷா படித்து வைத்திருந்தான்.

நஞ்சப்பா சார் யோசித்தார். யார் கையும் படாத எண் வேண்டும். பை! வட்டத்தின் சுற்றளவை விட்டத்தால் வகுத்தால் வருகிற எண். நம் பின்னின் தலையும் வட்டம்தானே என்று அவருக்கு ஒரு சந்தோஷம். குழிகளுக்குப் பூஜ்யத்திலிருந்து ஒன்பது வரை எண் போடச் சொன்னார். பையின் இலக்கங்கள் எந்த வரிசையில் வருகின்றனவோ அந்த வரிசையில் டிரேக்கு ஒரு குழி. மூன்று வந்தால் மூன்றாம் எண் குழி, எட்டு வந்தால் எட்டாம் எண் குழி.

இலக்கங்களுக்கு எங்கே போவது? பள்ளிக்கூடத்தில் எங்கள் எல்லோருக்கும் பை என்றால் இருபத்திரண்டின் கீழ் ஏழு. சார் உட்கார்ந்து இருபத்திரண்டை ஏழால் வகுத்து சாக்பீஸால் சுவரில் எழுதிப் போட்டார். ஒன்று, நான்கு, இரண்டு, எட்டு, ஐந்து, ஏழு. மறுபடி ஒன்று, நான்கு, இரண்டு…

ரெண்டு ஷிஃப்ட் தாங்கவில்லை. கேன்டீனில் பாஷா எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, “சார் புண்ணியத்துல நாலு குழி ஃப்ரீ! ஜீரோ, மூணு, ஆறு, ஒம்போது வரவே வராது. எதை வேணா போட்டு வைங்கடா” என்றான். சாருக்குப் பக்கத்து மேசை. கண்ணாடியைக் கழற்றினார். எல்லோரும் சாப்பாட்டை நிறுத்திவிட்டோம். துடைக்காமல் மறுபடி மாட்டிக்கொண்டு சிரித்தார்.

“கரெக்டப்பா. ஏழால வகுத்தா சுத்திச் சுத்தி வரும். அது பை இல்ல, பைக்குப் பக்கத்து வீடு.”

அதன் பிறகுதான் எங்கிருந்தோ நிஜப் பையில் புள்ளிக்குப் பிறகு வருகிற ஆயிரம் இலக்கங்களை வாங்கி வந்து, பெயின்டரை வைத்து ஒரு தகரப் பலகையில் எழுதி மாட்டினார். வரிசைக்கு ஐம்பது, மொத்தம் இருபது வரிசை. இது முடியாது, திரும்பச் சுற்றாது. பல லட்சம் கோடி இலக்கங்கள் வரை கம்ப்யூட்டரில் எண்ணிப் பார்த்துவிட்டார்கள், எந்த எண்ணும் மற்றதைவிடப் பெரிதாக அதிகம் வரவில்லை என்று கயல் சொல்கிறாள். எப்போதுமே அப்படித்தான் என்று இதுவரை யாரும் நிரூபிக்கவில்லை என்றும் அவளே சொல்கிறாள். ரெண்டையும் எழுதிவிட்டேன்.

பலகை வந்ததும் பாஷா கூட்டம் அதை மனப்பாடம் செய்ய ஆரம்பித்தது. மெஷின் சத்தத்தோடு ‘ஒண்ணு நாலு ஒண்ணு அஞ்சு ஒம்போது’ என்று பாட்டு. ஒழுங்கில்லாத எண்தான், ஆனால் எல்லோருக்கும் ஒரே எண், என்றைக்கும் அதே எண். எதிலிருந்து ஆரம்பிக்கிறோம் என்று தெரிந்தால் எல்லாமே தெரிந்துவிடும்.

அதற்கு சார் கண்ட வழிதான் கேட் நம்பர். ஷிஃப்ட் ஆரம்பித்த பிறகு கேட்டுக்குள் வருகிற முதல் லாரி எதுவோ, அதன் எண்ணின் கடைசி மூன்று இலக்கம். அதுதான் பலகையில் ஆரம்பிக்கிற இடம். லாரி தமிழ்நாட்டு வண்டியா, கர்நாடகா வண்டியா, ஆந்திரா வண்டியா, எதுவும் நம் கையில் இல்லை. செக்யூரிட்டி முனிரத்தினம் போனில் கத்துவார்: “மாதண்ணா, இன்னைக்கு நூத்தி நாப்பது!” பின்களைச் செய்த வரிசையிலேயே டிரேயில் வைக்க வேண்டும் என்பது சாரின் இன்னொரு சட்டம். மூன்றாவது சட்டத்தை என் மேசைக்கு எதிரில் நின்று விரலை ஆட்டிச் சொன்னார்.

“வந்த நம்பரை மாத்தக் கூடாது. பிடிக்கலேன்னு இன்னொண்ணு எடுத்தா, அங்க நம்ம கை வந்துடுச்சு. தெரிஞ்சுதா?”

தெரிந்தது. எனக்கு மட்டும்தான் தெரிந்தது என்று பின்னால்தான் புரிந்தது.

அந்த வாரம் ஆர்டர் நெருக்கடி. புதிதாக வந்திருந்த ஜி.எம். நாள் முழுவதும் ஷாப் ஃப்ளோரிலேயே நின்றார். அன்று காலை முனிரத்தினம் சொன்ன எண் எழுநூற்று ஐம்பத்தேழு. பலகையில் பதினாறாவது வரிசை, ஏழாவது இலக்கம். விரல் வைத்து எண்ணினேன். இரண்டு, ஒன்று, ஒன்று, மூன்று, நான்கு. ஐந்து பின்னும் அழகாக வழுக்கி விழுந்தன.

அடுத்தது ஒன்பது. டிரேயின் கடைசிக் குழி. பின் வளையத்தின் வாயிலேயே நின்றது. சரி, ஒன்று என்று தனியே வைத்தேன். அடுத்ததும் ஒன்பது. நின்றது. அடுத்ததும் ஒன்பது. இது விழுந்தது, எனக்கும் மூச்சு வந்தது. நான்காவது ஒன்பது. நின்றது. மூன்று ஆகிவிட்டது, ஆனால் லாட்டை முழுவதும் பார்த்து முடிக்க வேண்டும். ஐந்தாவது ஒன்பது, நின்றது. ஆறாவது ஒன்பது, அதுவும் நின்றது. இவ்வளவு ஒன்பதா என்று எனக்கே சந்தேகம் வந்தது. மறுபடி முதலிலிருந்து விரல் வைத்து எண்ணினேன். சரியாகத்தான் இருந்தது. அதற்குப் பிறகு எட்டு, மூன்று, ஏழு என்று போனதெல்லாம் நல்ல பின்கள்.

பிரஷை எடுத்து எல்லா டிரே விளிம்பிலும் சிவப்பு அடித்தேன்.

பெயின்ட் காய்வதற்குள் ஜி.எம். வந்துவிட்டார். வெளியே வாடிக்கையாளர் கம்பெனியின் லாரி காத்துக்கொண்டிருந்தது.

“என்னய்யா இது? ஆறு டிரேல கடைசிப் பின்னாப் பாத்து எடுத்திருக்க? ஆபரேட்டரோட தகராறா?”

“இல்லீங்க சார். நம்பர் அப்படி வந்துச்சு. ஆறு ஒம்போது.”

“வரிசையா ஆறு ஒம்போது வரும், நான் நம்பணும்?”

பலகையைக் காட்டினேன். பார்த்தார். பெயின்டர் தூக்கக் கலக்கத்தில் அடித்துவிட்டான் என்றார். நஞ்சப்பா சார் வந்து, ஆபீஸ் கம்ப்யூட்டரில் தேடிப் பார்த்துவிட்டு, பலகை சரிதான் என்றார். என் மேல் சொன்ன குற்றம் போயிற்று. பெயின்டர் மேல் சொன்னதும் போயிற்று. கடைசியில் எண் மேலேயே குற்றம் வந்தது.

“அப்ப இந்த நம்பரே சரியில்ல. கலந்து வரணும்னுதானே வெச்சோம்? இது கலந்தா இருக்கு? வேற லாரி நம்பர் எடுத்து மறுபடி பாரு.”

பிள்ளைகளே, இந்த இடத்தில்தான் படித்தவரும் படிக்காதவரும் ஒன்றாக வழுக்குகிறோம். கலந்து வருவது என்றால் நம் கண்ணுக்கு அழகாகக் கலந்து வருவது என்று நினைக்கிறோம். ஆயிரம் இலக்கத்துக்குள் ஆறு ஒன்பது ஒட்டி வருவது அபூர்வம்தான். ஆனால் அபூர்வம் வந்தால் அதைத் தள்ளிவிடுவேன் என்றால், அப்புறம் எண் எதற்கு? என் கையே போதுமே, அதுதான் வெட்கப்படத் தெரிந்த கை!

நான் நஞ்சப்பா சாரைப் பார்த்தேன். அவர் பேசினால் முடிந்துவிடும். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு என்னைப் பார்க்காமல் சொன்னார்:

“ஒரு தடவைதானே மாதையா. வேற எடுத்துடு.”

அடித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

“மாத்தக் கூடாதுன்னு நீங்கதான சார் சொன்னீங்க? நான் எடுக்க மாட்டன்.”

“நீ எடுக்கலேன்னா எடுக்க ஆள் இருக்கு” என்றார் ஜி.எம். “முதல்ல அந்தச் சிவப்பைத் தின்னர் போட்டுத் துடை.”

“துடைக்க மாட்டன் சார். என்னைய அனுப்பணும்னா அனுப்புங்க. அடிச்ச சிவப்பு அடிச்சதுதான்.”

வீட்டில் கயல் அப்போது கைக்குழந்தை. வாடகை வீடு. நான் ஒன்றும் வீரன் இல்லை. ஆனால் அந்தத் தடித்த ஐந்து பின்னும் என் மேசை மேல் கிடந்தன. அவற்றை நான் வளையத்தில் நிறுத்தியிருக்கிறேன். அவை விழவில்லை. வேறு எண் எடுத்தால் மட்டும் அவை மெலிந்துவிடுமா?

ஜி.எம். பாஷாவைக் கூப்பிட்டு, பெயின்டைக் கரைக்கிற தின்னர் டப்பாவையும் துணியையும் அவன் கையில் கொடுத்தார். பாஷாவுக்கு என் மேல் ஏற்கெனவே எரிச்சல். ரிஜெக்ட் ஆனால் அவன் தலையில்தானே விழும்? சற்று முன்புதான், “என் சோத்துல மண்ணு போடறதுக்குன்னே ஒம்போதாப் பாத்து எடுத்தியாண்ணே?” என்று கேட்டுவிட்டுப் போயிருந்தான். இப்போது துணியில் தின்னரை ஊற்றினான். டிரே பக்கத்தில் குனிந்தான். அப்படியே நின்றான்.

“சார், ஒண்ணு சொல்றன். வீல் டிரஸ்ஸிங் எட்டு பின்னுக்கு ஒரு தடவ பண்ணிட்டு இருந்தோம். இந்த வாரம் பத்தாக்கச் சொன்னது நீங்க.”

அரைக்க அரைக்க சாணைக்கல் தேயும். தேயத் தேய பின் தடிக்கும். கல்லின் முகத்தை வைர முனையால் சீவிச் சரிசெய்வதற்குப் பெயர்தான் டிரஸ்ஸிங். நேரம் மிச்சமாகட்டும் என்று அதைத் தள்ளிப் போட்டிருக்கிறார்கள். பத்துக்கு ஒரு தடவை சீவினால், சீவலுக்கு முன்னால் வருகிற கடைசிப் பின்தான் எல்லாவற்றிலும் தடித்தது. அது போய் உட்காருகிற குழி ஒன்பது.

“அதனால?” என்றார் ஜி.எம்.

“அதனால கடேசிக் குழி தடிச்சுதான் வரும். அண்ணன் எடுத்தாலும் வரும், வேற எவன் எடுத்தாலும் வரும். இத நான் தொடைக்க மாட்டன் சார். நாளைக்கு என் பேரு சொல்லுவாங்க.” துணியை டப்பா மேல் வைத்துவிட்டு மெஷினுக்குப் போய்விட்டான்.

வேறு யாரும் அந்தத் துணியைத் தொடவில்லை. லாரி காலியாகத் திரும்பியது. மூன்று நாள் எல்லோருமாக உட்கார்ந்து அந்த வாரத்து லாட்டுகள் எல்லாவற்றையும் ஒவ்வொரு பின்னாகப் பார்த்தோம். நிறைய டிரேகளில் கடைசிப் பின் வளையத்தில் நின்றது. சில டிரேகளில் எல்லாமே நல்லதாக இருந்தன. டிரஸ்ஸிங் சத்தமில்லாமல் மறுபடி எட்டுக்கு வந்தது.

அன்று வேறு லாரி முதலில் வந்திருந்தால்? ஒரு லாட்டில் ஒன்பது ஒன்றோ இரண்டோ வந்திருக்கும், லாட் பாஸ் ஆகியிருக்கும், சிவப்பு அடித்திருக்க மாட்டேன். உண்மை. அதிர்ஷ்டம் என்று சொல்பவர்கள் சொல்லிக்கொள்ளட்டும். லாரி வந்தது அதிர்ஷ்டம். எண்ணை மாற்றாதது அதிர்ஷ்டம் இல்லை.

எனக்குப் பரிசும் கிடைத்தது. அடுத்த வாரமே டெஸ்பாட்சுக்கு மாற்றினார்கள். பெட்டி தூக்குவது, லாரியில் அடுக்குவது. பாஷாவை வேறு மெஷினுக்குப் போட்டார்கள். பலகையைக் கழற்றிவிட்டு, கம்ப்யூட்டரே எண் கொடுக்கிற மாதிரி செய்தார்கள். கம்ப்யூட்டர் கொடுத்த எண் பிடிக்கவில்லை என்றால் மறுபடி ஒரு பட்டனை அழுத்தலாம் என்று கேள்விப்பட்டேன்.

சில மாதம் கழித்து, நான் பெட்டி ஏற்றிக்கொண்டிருந்த இடத்துக்கு நஞ்சப்பா சார் வந்தார். அங்கே எடுத்துப் பார்க்கப் பின் எதுவும் இல்லை. கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார்.

“ஜி.எம். ஒத்துக்கிட்டாரு மாதையா. மேசை உனக்குத்தான். ஒரே ஒரு வார்த்தை சொல்லணும். அன்னைக்கு எண்ணும்போது வரிசை தப்பிடுச்சுன்னு.”

“தப்பலியே சார்.”

“நனகே கொத்தப்பா. எனக்குத் தெரியும். சொல்றதுல என்ன போச்சு?”

பெட்டியைக் கீழே வைத்தேன். அந்த மேசை எனக்கு எவ்வளவு வேண்டியிருந்தது என்று உங்களுக்கு எழுதிக் காட்ட எனக்குத் தெரியவில்லை. பின் விழுகிற அந்தச் சத்தத்தைக் கேட்டே நாளைக் கழித்தவன் நான்.

“நாளைக்கு அந்த மேசைல உக்கார்றவனுக்கும் இந்த மாதிரி வரும் சார். அன்னைக்கு, ‘முன்ன ஒருத்தன் இப்படித்தான் எண்ணத் தெரியாம எண்ணினான், நீயும் வேற எடு’ன்னு என் பேரைச் சொல்லி அவன் கையத் திருப்புவாங்க. என் பேரை அதுக்குக் குடுக்க மாட்டன். நான் எண்ணினது சரி. எடுத்தது சரி.”

அவர் கண்ணாடியைத் தொடவில்லை. “சரி” என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனார். நான் பெட்டியைத் தூக்கினேன்.

டெஸ்பாட்சிலிருந்துதான் ஓய்வு பெற்றேன். கடைசி நாள் மாலை போட்டு டீ கொடுத்தபோது, இப்போதைய மேனேஜர், நல்ல பையன், விளையாட்டாகக் கேட்டார்: “மாதையன் சார், இனிமேலாவது சொல்லுங்க, அந்த ஆறு ஒம்போது எண்ணினதுல ஒண்ணாவது தப்புதானே?”

விளையாட்டுக்குக்கூட நான் ஆமாம் என்று சொல்லவில்லை.